டிம்லதான் இருக்கு

எதிரே வருகிற வண்டிக்காரர்கள் தன்னைப் பார்த்து ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவதை, பிக்கப் வாங்கின முதல் இரண்டு வருடம் ஐஸ் அக்கா மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை நாலேமுக்கால் மணிக்கு, ஊரே போர்வைக்குள் இருக்கும்போது, ஒரு பெண்பிள்ளை தனியாக பிக்கப் வண்டியில் இருபத்தைந்து ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போகிறாள். அவளுக்கு வணக்கம் வைக்காமல் வேறு யாருக்கு வைப்பார்கள்? பதிலுக்கு அவளும் இரண்டு தடவை லைட்டை அடிப்பாள். மூன்றாவது வருடம் ஒரு லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் இது மரியாதை இல்லை, வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு யார் லைட் அடித்தாலும் ஹைபீமைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கடப்பாள்.

ஐஸ் அக்கா என்று பெயர் வைத்தவர்கள் மீன் வியாபாரிகள். கட்டிய கணவரே இப்போது சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுகிறார். அவர் ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பவர். பேச்சும் அந்த ஃபேக்டரி மாதிரியேதான். இன்றைக்கு ஒன்று கேட்டால் நாளைக்குத்தான் பதில் கட்டியாகி வெளியே வரும். அவளும் அங்கேதான் பில் எழுதிக்கொண்டிருந்தாள். ஏற்றிப்போகிற வண்டிகள் நேரத்துக்கு வராமல், அச்சிலிருந்து எடுத்த ஐஸ் மேடையிலேயே உருகி ஓடுவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், முப்பத்தைந்து வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இரண்டு வருடம் வாடகை வண்டி. பிறகு, கைமாறி வந்த இந்த பிக்கப். அதை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட மார்க்கெட்டுக்கு ஐஸ் தாமதமாகப் போனதில்லை. காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறாள். மகளுக்குப் பள்ளியில் கடைசிப் பரீட்சை அன்றைக்கு, மகளையும் பாடப் புத்தகத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள்.

வண்டியில் அவளுக்கு ஒரே குறைதான். வெளிச்சம் போதவில்லை. மர உச்சியில் தூங்குகிற பறவை தெரியும், கடைகளின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், ஆனால் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பள்ளம் மட்டும் தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஸ்டியரிங் மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதனால் கழுத்துவலி வேறு.

மார்க்கெட் வேலை முடிந்து மத்தியானம் எலக்ட்ரீஷியனிடம் போய் நிற்பாள். வண்டிகளுக்கு ஒயரிங், பேட்டரி வேலை பார்க்கிற ஆள் அவன். பட்டறைச் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தச் சொல்வான். ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, லைட்டைப் போட்டு, சுவரில் விழுகிற வெளிச்சத்தைப் பார்ப்பான்.

"எல்லாம் கரெக்டாத்தான் இருக்குக்கா. கண்ணாடி கொஞ்சம் மஞ்சளாயிருக்கு, அவ்வளவுதான்."

"என்ன கரெக்டு? ஓட்டுறது நீயா நானா?"

கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். பல்பை மாற்றினான். அடுத்த வருடம் இன்னும் பெரிய பல்பு. கடைசியாக, போன வருடத்துக்கு முந்தின வருடம், பகல் மாதிரி அடிக்கிற வெள்ளை பல்பு. "இதுக்கு மேல வேணும்னா சூரியனைத்தான்கா கழட்டி மாட்டணும்" என்றான்.

பின்பக்க விளக்குகளைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. ஐஸிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், மீன்பெட்டிகளின் உப்புத் தண்ணீரும் ஊறி ஊறி அங்கே ஒயரெல்லாம் பச்சையாகப் பூத்துப் போயிருந்தன. இடது பக்கம் மினுக்கும், வலது பக்கம் எரியவே எரியாது. எலக்ட்ரீஷியன் சொன்னால் சிரிப்பாள். "பின்னாடி எரிஞ்சா என்ன, எரியாட்டா என்ன? நான் என்ன ரிவர்ஸ்லயா மார்க்கெட்டுக்குப் போறேன்?"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ரொட்டிக்காரர் விழுந்தார். அவர் அறுபதைத் தொட்டவர். பேக்கரியிலிருந்து ரொட்டிகளை சைக்கிள் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, விடிவதற்குள் கடைகடையாகப் போட்டுவிட்டு வருவார். ஒருநாள் விடியற்காலை கால்வாய்ப் பாலத்தின் இறக்கத்தில் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்து, பாதை தெரியாமல் சைக்கிளோடு பள்ளத்தில் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போயிற்று. செய்தி கேட்டதும் ஐஸ் அக்கா, வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்க ஐஸை உடைத்துப் பை நிறைய எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டாள். "எந்தப் பாவி இப்படிப் பண்ணினானோ, அவன் கை விளங்காமப் போக" என்று வாய் வலிக்கச் சபித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடும்மா. போனது போச்சு" என்றார். அதற்குப் பிறகு அவரால் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால், வீட்டு ஜன்னலையே கடையாக்கி ரொட்டி விற்கிறார். வாரம் ஒரு நாளாவது ஐஸ் அக்கா அந்த ஜன்னலில் நின்று பேசிவிட்டுத்தான் வருவாள்.

பதினாலு மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் மார்க்கெட்டின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து ஐஸ் அக்காவுக்கு வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். வண்டியை யார் எடுப்பது? கணவரிடம் லைசென்ஸ் இருந்தது, ஆசைதான் இல்லை. "நான் மெஷின் பாக்கறவன்" என்றார். "அதுவும் மெஷின்தான், சக்கரம் வெச்ச மெஷின்" என்று சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

மறுநாள் விடியற்காலை அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஐஸ் இறக்கி வைக்கிற கிடங்குச் சாவி அவளிடம்தான் இருந்தது. மகளை எழுப்பி, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, முன்கூட்டியே மார்க்கெட்டுக்குப் போய்க் கிடங்கைத் திறந்து வைத்தாள். மகளுக்கு ஆறு மணிக்கு வேலை. தபால் பிரிக்கிற இடத்தில் காலை ஷிப்ட். அதனால் உடனே திரும்பினார்கள்.

கால்வாய்ப் பாலத்தில் தெருவிளக்கு கிடையாது. அவர்கள் ஏறும்போது எதிர்ப்பக்கத்து இறக்கத்திலிருந்து ஒரு வண்டி மேலே வந்தது. முதலில் வானம் வெளுத்தது. அப்புறம் அந்த வெளிச்சம் அப்படியே இறங்கி அவர்கள் முகத்தில் அறைந்தது.

"அம்மா, ஒண்ணுமே தெரியல! அம்மா!"

பாலம் இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை, தன் மடியில் இருந்த கட்டுப்போட்ட கைகூட இல்லை. எல்லாம் வெள்ளை. மகள் பிரேக்கை அழுத்தினாள். ஸ்கூட்டர் ஓரத்துக் கல்லில் முட்டி மெதுவாகச் சாய்ந்தது. ஐஸ் அக்கா இடது கையால் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய்.

"ஏய்! கண்ணு அவிஞ்சவனே! டிம் அடிடா! ரோட்டுல மனுஷங்க வரக் கூடாதா? உன்னைப் பெத்தாங்களா, இல்ல..."

வண்டி அவர்களை உரசுகிற மாதிரிக் கடந்தது. சில்லென்று நாலு சொட்டுத் தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்தது. வெள்ளையிலிருந்து கண் மீளாமலே திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரே இருட்டு. இடது ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஏதோ ஒன்று விட்டு விட்டு மினுக்கியது. அந்த மினுக்கலில் தார்பாய் தெரிந்தது. தார்பாயின் நடுவில் நீலத்தில் ஒரு ஒட்டு. போன மழைக்கு அவளே உட்கார்ந்து, ஊசி குத்திக் குத்தித் தைத்த ஒட்டு.

திட்டிக்கொண்டிருந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அம்மா, அது நம்ம..." என்றாள் மகள்.

"வாயை மூடு."

மகள் வாயை மூடிக்கொண்டாள். ஐஸ் அக்கா பேயறைந்த மாதிரி அந்தச் சிவப்புப் புள்ளி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நினைப்பு வந்து உயிர் திரும்பியது. "உங்கப்பா ஹைபீம்ல போறாரு. தெரியாத மனுஷன், எதை அழுத்தறதுன்னு தெரியாம எதையோ அழுத்திட்டாரு. வண்டியைத் திருப்பு."

"வேலைக்கு லேட்டாகும்மா."

"திருப்புடின்னா!"

மார்க்கெட் வாசலில் கணவர் அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தார். ஐஸ் இன்னும் இறக்கவில்லை. மனிதர் வியர்த்துப் போயிருந்தார்.

"ஹைபீம் போட்டுட்டா வந்தீங்க?"

"இல்லியே. டிம்லதான் வந்தேன்." கொஞ்ச நேரம் யோசித்து, "வழியில எல்லாரும் லைட் அடிச்சாங்க. உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க. அப்படியே லைட்டைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். முப்பது அடி நடந்து திரும்பினாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு கத்தினாள்.

"டிம் போடுங்க!"

"டிம்லதான் இருக்கு!"

"சரியாப் பாருங்க! டிம் போடுங்க!"

"டிம்லதான் இருக்குன்றேன்ல!"

ஒன்பது வருடமாகத் தினமும் தான் உட்கார்ந்திருந்த வண்டியை, ஐஸ் ஏற்றி லைட் எரிகிற நிலையில், முன்னால் நின்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது? ஓட்டுகிறவள் உள்ளேதானே இருந்தாள்.

வண்டி வந்தபடியே எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும் என்று ஐஸை இறக்க விடவில்லை. "இன்னிக்கு ஒரு மணி நேரம் லேட்டு" என்றாள் வியாபாரிகளிடம். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவர்கள் கேள்வி கேட்பதற்குள், மகளை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, எலக்ட்ரீஷியனின் பட்டறைக்கு விடச் சொன்னாள். பட்டறைக்கு மேல்தான் அவன் வீடு. தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கினான். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. கணவர் லைட்டைப் போட்டார்.

சுவரில் வெளிச்சம் இல்லை. எலக்ட்ரீஷியன் கழுத்தை மேலே தூக்கிப் பார்த்தான். வெளிச்சம் கூரைத் தகரத்தில் இருந்தது.

"அக்கா..." என்றான். வண்டியைச் சுற்றி நடந்தான். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தேய்ந்து தளர்ந்து, ஒரு டன்னுக்கு மேல் ஐஸைத் தாங்க மாட்டாமல் வண்டி பின்னால் உட்கார்ந்திருந்தது. முன்மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. "நீங்க எப்ப வந்தாலும் மத்தியானம் வெறும் வண்டியோடதான்கா வருவீங்க. வெறும் வண்டில எல்லாம் சரியாத்தான் இருக்கும். லோடு ஏத்தினா பின்னாடி இறங்குது, முன்னாடி ஏறுது. உங்க வெளிச்சம் ரோட்டுல விழவே இல்ல. வர்றவன் மூஞ்சிலதான் விழுந்துருக்கு. இதுல நான் வேற..." தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்த வெள்ள பல்பை என் கையாலதானே மாட்டினேன்."

பிறகு டிரைவர் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ தேடினான். அங்கே பேனா வைக்க அவள் ஒரு பிளாஸ்டிக் கூடு ஒட்டியிருந்தாள். அதைப் பிய்த்தெடுத்தான். கீழே ஒரு சின்னத் திருகு. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் ஹெட்லைட் படம்.

"இது என்னது?" என்றாள் ஐஸ் அக்கா.

"லோடு ஏத்தினா லைட்டை இறக்கறதுக்குக்கா. வண்டிலயே இருக்கு."

"இத்தனை வருஷமாவா?"

"வண்டி செஞ்ச நாள்லேருந்து."

திருகினான். வலது பக்கத்து வெளிச்சம் கூரையிலிருந்து கொஞ்சம் இறங்கியது. இடது பக்கம் அசையவில்லை. உள்ளே இருந்த சின்ன மோட்டார் உப்புப் பிடித்துச் செத்திருந்தது.

ஐஸ் அக்கா அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். வணக்கம் என்று நினைத்தது, வயிற்றெரிச்சல் என்று நினைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. ஒன்பது வருடமாக வழியில் வந்த ஒவ்வொரு ஆளும் அவளிடம் ஒன்றையேதான் கெஞ்சியிருக்கிறார்கள். அவள் பதிலுக்கு ஹைபீமைக் காட்டியிருக்கிறாள். அப்புறம் கால்வாய்ப் பாலத்து இறக்கம் நினைவுக்கு வந்தது. நாலேமுக்கால் மணி. வெள்ளை பல்பு மாட்டிய பிறகு. தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ரொட்டிக்காரரின் ஜன்னலுக்குப் போனாள். கூட யாரையும் அழைத்துக்கொள்ளவில்லை. அவர் இடது கையால் ரொட்டிகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கையில என்னம்மா கட்டு?"

"அது கிடக்குதுண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை. "அன்னிக்குப் பாலத்துல உங்களைத் தள்ளின வெளிச்சம்... அது என் வண்டிதான்னு நினைக்கறேன்."

அவர் தாளை மடித்து முடித்தார். "அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? அண்ணே, என் வண்டிங்கறேன்."

"தெரியுமே."

அடுத்த ரொட்டியை எடுத்துத் தாளில் வைத்தார்.

"பள்ளத்துல கிடந்து தலையைத் தூக்கிப் பாத்தேன். பின்னாடி லைட்டு எரியாத வண்டி. சொட்டு சொட்டா ரோடெல்லாம் தண்ணி விட்டுட்டுப் போச்சு. இந்த ஊர்ல தண்ணி சொட்டற வண்டி வேற யாருது?" அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "மறுநாளே நீ பை நிறைய ஐஸோட ஓடி வந்த. அழுத. எந்தப் பாவியோன்னு திட்டின. பாவம், நேரா சொல்ல வாய் வரல, தன்னையே திட்டிக்குதுன்னு நினைச்சேன். வாராவாரம் வந்து நின்ன. மனசு கேக்காமதான் வருதுன்னு நினைச்சேன். அப்பவே விட்டுட்டேன்மா. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருந்தால் இருவருக்கும் நிம்மதி. ஆனால் வாய் கேட்கவில்லை.

"அண்ணே, எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"என் வண்டின்னு. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியில நான் திட்டினது நிஜமாவே வேற எவனோன்னு நினைச்சுத்தான். சும்மா பாக்கத்தான் வந்தேன். வாராவாரமும் சும்மாதான் வந்தேன்."

ரொட்டிக்காரரின் கை நின்றது. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவரை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப பதினாலு மாசமா நான் யாரை மன்னிச்சேன்?" என்றார். "நடுராத்திரி தோள் வலிச்சு எழுந்திருக்கும்போதெல்லாம், போகட்டும், அந்தப் பொண்ணும் தூங்காமத்தான் கிடக்கும்னு நினைச்சுப்பேன். நீ தூங்கியிருக்க!"

"அண்ணே..."

"நல்லாத் தூங்கி எழுந்து, அதே வண்டியை, அதே லைட்டோட, அதே பாலத்துல ஓட்டியிருக்க!"

ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கையில் காசோடு நின்ற ஒரு வாடிக்கையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐஸ் அக்கா அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. இருட்டி, மகள் தேடிக்கொண்டு வந்து கூட்டிப்போனாள்.

அதற்கடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். பின் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டார்கள். வெள்ளை பல்பு போய், வண்டிக்கு உரிய பல்பு வந்தது. இடது பக்கத்து மோட்டார் மாற்றியாயிற்று. பின்னால் ஒயரை அடியோடு பிடுங்கிவிட்டு, தண்ணீர் புகாத விளக்குகளாக வைத்தான் எலக்ட்ரீஷியன். ஐஸ் ஏற்றிக்கொண்டு மூன்று விடியற்காலை அவன் பட்டறைச் சுவருக்கு முன்னால் போய் நின்று, ஃபோகஸ் சரிபார்த்தார்கள். இருபத்தைந்து பார் பதினெட்டு ஆனது. ஒரு நடை இரண்டு நடை ஆனது. கை சரியாகி அவளே ஓட்ட ஆரம்பித்தபோது, முதல் தடவையாக அந்த ரோட்டின் பள்ளங்கள் அவளுக்குத் தெரிந்தன. ஓரமாக நடந்து போகிறவர்களின் செருப்பு தெரிந்தது. எதிரே யாரும் லைட் அடிக்கவில்லை. அந்த அமைதி அவளுக்குப் பழகவே இல்லை. ரொட்டி ஜன்னல் அவளைக் கண்டால் சாத்திக்கொள்ளும். வாரம் ஒருநாள் போய் நிற்பாள், சாத்துவார். திரும்பிவிடுவாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, ஃபேக்டரி வாசலில் வண்டியை வெளியே எடுக்கும்போது நடுரோட்டில் ஒரு ஆள் நின்றிருந்தார். காதைச் சுற்றித் துண்டு. வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

"இறங்காத!" என்று கத்தினார் ரொட்டிக்காரர். "லைட்டைப் போட்டுட்டு அப்படியே இரு!"

அவள் போட்டாள். வெளிச்சம் ரோட்டில் படுத்து நீண்டு அவர் முழங்கால் வரைக்கும் போய் நின்றது. அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவர் அசையாமல் நின்று பார்த்தார். இரண்டு அடி முன்னால் வந்தார், பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போனார். "பிரேக்கை அமுக்கு!" என்று குரல் வந்தது. அமுக்கினாள். "விடு!" விட்டாள். "இண்டிகேட்டர்!" ஒவ்வொன்றாகக் கேட்டார். பரீட்சை எழுதுகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தாள்.

கடைசியில் பக்கத்துக் கதவைத் திறந்து, இடது கையால் பிடித்துச் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தார்.

"மார்க்கெட்ல இறக்கி விடு."

வண்டி நகர்ந்தது. பாலத்தில் ஏறியபோது எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அவர் கை முன்னால் இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். சைக்கிள்காரர் முகத்தைக்கூடச் சுளிக்காமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கடந்து போனார்.

இறக்கத்தில் ரொட்டிக்காரர் வாயைத் திறந்தார். "எத்தனை வருஷமா இப்படி ஓட்டின?"

"ஒன்பது, அண்ணே."

"என்னைத் தவிர வேற யாராவது விழுந்தாங்களா?"

ஒரு மாதமாக அவள் தூங்காமல் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"தெரியலண்ணே. நான் திரும்பிப் பாத்ததே இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்க்கெட் வருகிறவரைக்கும் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.